கொடிக்கம்பத்து நிழல்

குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று அதன் கழுத்தில் பஞ்சாயுதம் கட்டவேண்டும். சங்கும் சக்கரமும் வில்லும் வாளும் தண்டும் பொறித்த அந்தச் சின்னத் தங்கத் தகடு, யோகாவின் அம்மா பிறந்தபோது செய்தது. பிறகு யோகாவுக்குக் கட்டினார்கள். இப்போது அது மெல்பேர்னின் டண்டினொங்கில் ஒரு வாடகை வீட்டின் பின்வளவில், மண்ணுக்குள் கிடக்கிறது. எந்த இடத்தில் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. புருஷனுக்கோ, அது மண்ணுக்குள் இருப்பதே தெரியாது.

பைத்தியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டைச் சூறையாடியவர்கள் கதிரைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அதற்கு முதல் நாளே யோகா நகைகளைப் பால்மாத் தகர ரின் ஒன்றில் போட்டு, உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்தின் மத்தியான நிழல் முடிகிற இடத்தில் புதைத்திருந்தாள். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து கிண்டியபோது வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் மெல்பேர்னுக்கு வந்தார்கள். புருஷன் விக்னராஜாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. யோகா தனியாக, வயிற்றில் பிள்ளையோடு, வீட்டில். யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். இங்கேயும் ஒரு கொடிக்கம்பம் நின்றது. நிழலும் விழுந்தது. வேறென்ன வேண்டும்? பன்னிரண்டு மணிக்கு நிழலின் நுனியில் குழி தோண்டிப் பஞ்சாயுதம் இருந்த ரின்னை இறக்கிவிட்டாள்.

புருஷனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "இதென்ன கொழும்பே?" என்று விழுந்து விழுந்து சிரிப்பான். வந்திறங்கிய நாளிலிருந்து மனுஷன் பயம் என்ற சொல்லையே அறியாதவன் மாதிரித்தான் திரிகிறான். கல்யாண மோதிரத்தைக்கூட, மெஷினில் சிக்கும் என்று கழற்றித் தொழிற்சாலை லொக்கரில் போட்டுவிட்டேன் என்றான். அவ்வளவு தைரியம்!

இப்போது பெப்ரவரி. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் நிழல் கம்பத்தின் காலடியிலேயே கிடந்தது. அதன் நுனியில் கிண்டினாள். ஒன்றுமில்லை. பக்கத்தில் கிண்டினாள். அங்கேயும் ஒன்றுமில்லை. பிள்ளை நித்திரையான நேரமெல்லாம் இதே வேலை. புல்லை வைத்து மூடினாலும் கிண்டியது தெரியத்தானே செய்யும்.

"உதென்ன யோகா, வளவெல்லாம் கிண்டிக் கிடக்கு?" என்றான் விக்னராஜா.

"முயல்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"முயலோ? தேசிமரத்தடியிலையும் கிண்டினதோ?"

"இல்லை."

அப்படியும் அவன் எழும்பிப்போய்த் தேசிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். ஒரு எலுமிச்சங்காய்கூடக் காய்க்காத அந்த மரத்தின்மேல் இவருக்கு என்ன கரிசனை என்று யோகா நினைத்தாள்.

சனிக்கிழமை காலை, குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவள் அதற்குமேல் தாங்கமாட்டாமல் உடைந்துபோனாள். "இஞ்சாருங்கோ..." என்று தொடங்கி எல்லாவற்றையும் அழுதழுது கொட்டிவிட்டாள். "அம்மாவின்ரை கழுத்திலை கிடந்தது. என்ரை கழுத்திலை கிடந்தது. என்ரை பிள்ளைக்கு இல்லாமல் செய்துபோட்டன்!"

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளுடைய தலையைத் தடவிவிட்டு, "அழாதையும்," என்று மட்டும் சொன்னான். பக்கத்து வீட்டுப் பிரையன், லீவு நாட்களில் தங்கம் தேடிக் காடுமேடெல்லாம் அலைகிற வெள்ளைக்காரன். விக்னராஜா அவனிடம் போய் மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கிவந்தான்.

நீண்ட கோலின் நுனியில் ஒரு வட்டத்தட்டு. கம்பத்தைச் சுற்றி அதைத் துழாவியபோது கிடைத்தவை போத்தல் மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான். யோகாவின் முகத்தில் ஈயாடவில்லை. விக்னராஜா நிமிர்ந்து சூரியனைப் பார்த்தான்.

"எந்த மாசம் தாட்டனீர்?"

"வந்தவுடனை. ஜூன்."

அவன் தலையில் கையை வைத்தான். "ஐயோ யோகா, ஜூன் இஞ்சை குளிர்காலம்! சூரியன் மத்தியானத்திலையும் பதிஞ்சுதான் நிக்கும். எங்கடை ஊர் மாதிரி உச்சிக்கு வருமே? நிழல் அந்த வேலியடி வரைக்கும் நீண்டிருக்கும்."

வேலிப் பக்கம் போனான். தட்டு கூவியது. மண்வெட்டி இரண்டு முறைதான் இறங்கியது, ரின் வந்துவிட்டது. அதற்குள் சுற்றிவைத்த சீலைத்துண்டைப் பிரித்துப் பஞ்சாயுதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட யோகா, மண்ணிலேயே குந்தி அழுதாள். பிறகு அழுகையோடு சிரிப்பும் வந்தது. சந்தோஷம் தாளாமல், "நானும் ஒருக்கால் பாக்கிறன், தாங்கோ," என்று கோலைப் பறித்துக்கொண்டு தேசிமரப் பக்கம் நடந்தாள்.

"அங்கை வேண்டாம்!"

"ஏன்?"

"அங்கை... பழைய ஆணிதான் கிடக்கும்."

கோல் அதற்குள் வீறிட்டது. யோகா மண்வெட்டியை எடுத்தாள். விக்னராஜா தடுக்கவில்லை, பிடிபட்ட கள்ளன் மாதிரி நின்றான். மண்ணுக்குள்ளிருந்து ஒரு தேயிலை ரின் வந்தது. அதற்குள் லொக்கரில் இருப்பதாகச் சொன்ன மோதிரம். கூடவே, அவள் ஒருநாளும் கண்டிராத ஒரு சோடிக் குழந்தைக் காப்பு.

'இதென்ன கொழும்பே?' என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"நீங்களுமோ?"

"மோதிரத்தை வந்த கிழமையே தாட்டனான். காப்பு, பிள்ளை பிறந்த அண்டைக்கு வாங்கினது," என்றான் மண்ணைப் பார்த்தபடி. "ஆஸ்பத்திரியிலை பிள்ளையை என்ரை கையிலை தந்தவையெல்லோ, அப்ப எனக்கும் பயம் பிடிச்சிட்டுது. நானும் பயந்தால் நீர் என்ன செய்வீர் எண்டுதான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

பாவம் மனுஷன், இத்தனை நாளும் தனியாக இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறாரே என்று நினைத்தாள். உள்ளே பிள்ளை முழித்து அழத் தொடங்கியது. யோகா மோதிரத்தைச் சட்டையில் துடைத்து, மண் ஒட்டிய அவன் விரலில் போட்டுவிட்டாள்.

"இனிப் பயம் வந்தால் மண்ணிட்டைக் குடுக்காதேங்கோ. என்னட்டைச் சொல்லுங்கோ."

"நீரும்," என்றான் அவன்.