உருகாத குண்டு

இரும்புச் சட்டியின் அடி சிவந்துவிட்டது. உள்ளே கிடந்த குண்டுகள் மட்டும் போட்டது போட்டபடியே கிடந்தன. இருதயசாமி இன்னும் ஒரு கை கரியை அள்ளிப் போட்டான். மனைவி அக்னஸை ஊதச் சொல்ல வாயெடுத்தவன், அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஊதுகுழலைத் தானே வாங்கிக்கொண்டான்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால், சிப்பாய்கள் சுட்டுப் பழகும் மைதானம். சுட்ட குண்டெல்லாம் கோடியிலுள்ள மண்மேட்டில் புதையும். அந்த மேட்டைச் சலித்துச் சுத்தம் செய்து கொடுப்பது இருதயசாமி. கூலி கிடையாது, குண்டை எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள ஈயத்தை உருக்கிப் பிளவுள்ள மணிகளாக வார்த்து, வலை தண்ணீரில் அமிழ்வதற்காக வீச்சுவலை ஓரத்தில் கோப்பான். மணி நூலைக் கவ்வ வேண்டும். இடுக்கியால் அழுத்தினால் நூல் அறுந்துபோகும். பல்லால்தான் கடிக்க வேண்டும்.

கடிப்பது அக்னஸ். முதல் பிள்ளை, அவள் மீன்கூடை சுமந்ததால் கலைந்தது என்று தெருவே சொன்னது. அன்றிலிருந்து அவன் அவளைக் குடம்கூடத் தூக்க விடவில்லை. "உக்காந்து மணி கடி, அது போதும்" என்றான். அடுத்ததும் தங்கவில்லை. இது மூன்றாவது. மசக்கையில் எதுவும் இறங்காத நாட்களில் ஒரு மணியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். லேசான தித்திப்பு. குமட்டல் அடங்கும்.

"என்ன எழவக் கலந்தானுங்களோ" என்று சட்டியை உதைத்துவிட்டு அவன் நூல் வாங்கப் போனான். சட்டி ஆறியதும், ஒரு குண்டை முந்தானையில் முடிந்துகொண்டு அக்னஸ் மைதானத்துக்கு நடந்தாள்.

வாசலில் காவலுக்கு நின்ற மருதையன் அவள் நீட்டிய குண்டைப் பார்த்துச் சிரித்தான். "என்ன தங்கச்சி, உன் புருஷன் பட்டாளத்து மேல கேஸ் போடப் போறானா?"

"உருக மாட்டேங்குதுண்ணே."

"எப்படி உருகும்? உள்ள முழுக்கச் செம்பு. புதுசா சோதிச்சுப் பாக்குறாங்க. ஈயமே கிடையாது. செம்பு நல்ல விலை போகும், அவன் அதிர்ஷ்டக்காரன்."

"ஈயத்துக்கு என்ன கேடு வந்துச்சு?"

"சுடுற பசங்க ரத்தத்துல ஏறுதாம். கை கழுவாம டீ குடிக்கக் கூடாதுன்னு எப்பவோ ஆர்டர். மாசமா இருக்கற பொம்பளைங்கள இந்தப் பக்கமே விட மாட்டாங்க. வயித்துல இருக்கறத அழிச்சுடுமாம்." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் வயிற்றைக் கண்டு நிறுத்தினான். "நீயா மேட்டுல சலிக்கற? அவன்தானே."

"எப்பவோன்னா எப்பண்ணே?"

மருதையன் கேட்டைச் சாத்துவதில் மும்முரமானான்.

வீட்டுக்கு வந்து அடிகுழாயில் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். தித்திப்பு போகவில்லை.

இருதயசாமி நூல்கண்டோடு வந்தான். "ஏன் நின்னுக்கிட்டே இருக்க? உக்காரு. மன்னார்குடியில குளம் குத்தகை எடுத்தவர் நாளைக்குக் காலையில வலைக்கு வந்துடுவாரு." பழைய ஈயத்தில் வார்த்த மணிகளிருந்த டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். நகர்த்திய கையில் அத்தனை பரிவு.

மருதையன் சொன்னதை அவள் சொன்னாள். அவன் சிரித்தான். "எங்கப்பா கடிச்சாரு, எங்கம்மா கடிச்சாங்க. நான் பொறக்கலையா?"

"உங்களுக்கு முன்னாடி நாலு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு வலையை மடியில் இழுத்துப் போட்டு, ஒரு மணியை நூலில் வைத்துத் தானே கடித்தான்.

"துப்புங்க."

"வலை முடியணும்ல." இன்னொன்றைக் கடித்தான். "இதோட பழைய ஈயம் தீந்துச்சு அக்னஸு. இனிமே எல்லாம் செம்புதான்."

"பட்டாளத்துக்குத்தான் தீந்துச்சு" என்றாள்.

அன்று காலையில் அடுப்பருகே நின்றபோது பிள்ளை உதைத்திருந்தது. அதற்குப் பிறகு அசைவே இல்லை. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.