குவைத்திலிருந்து செவ்வாப்பேட்டைக்கு

எழுபத்தைந்தாம் வருஷம், செவ்வாப்பேட்டையில் தாயாரம்மாளுக்கு உயிர் தொண்டையில் வந்து நின்றது. டாக்டர் கைவிரித்துவிட்டார். சின்ன மகன் மணவாளன் குவைத்திலிருந்து வந்து தன் கையால் ஒரு வாய் பால் ஊற்றினால்தான் போவேன் என்று கிழவி அடம்பிடித்தாள். அவனிடமிருந்து தந்திதான் வந்தது. முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லையாம், வர முடியாதாம்.

அதை எந்த வாயால் சொல்வது? கூடவே இருந்து மலமூத்திரம் அள்ளும் மூத்தவன் முனிகிருஷ்ணன், "தம்பி பிளேன் ஏறிட்டாம்மா" என்று சொல்லித் தொலைத்தான். மனசு ஆறி நிம்மதியாகக் கண்ணை மூடுவாள் என்று கணக்குப் போட்டான். நல்ல கணக்கு!

"எம்மாந் தொலைவுடா? எப்போ வந்து சேருவான்?" என்று பிடித்துக்கொண்டாள் கிழவி.

இரண்டாயிரம் மைலுக்கு மேல், பம்பாயில் மாறினாலும் ஒரே நாளில் வந்துவிடலாம் என்று மெட்ராஸில் டிக்கெட் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் நாளைக்கே தம்பியைக் காட்டவேண்டும். அதனால் விமானத்தை எலெக்ட்ரிக் ட்ரெயின் மாதிரி ஊருக்கு ஊர் நிறுத்தினான் முனிகிருஷ்ணன். "பஹ்ரைன்ல நிக்குதும்மா." மறுநாள், "மஸ்கட்ல இன்ஜின் ரிப்பேராம்." அதற்கடுத்த நாள், "கராச்சி தாண்டிட்டான்."

அவளும் ஊர் ஊராக விரலை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள். முதுகெல்லாம் புண். புரட்டிப் போடும்போதெல்லாம் அலறினாள். இந்த வேதனையை நீட்டுவது தன் வாய்தான் என்று உறைத்த பிறகு முனிகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னும் எத்தினி ஊரு சொல்லப்போற?" என்றாள் அவன் மனைவி ரத்னா. "அத்தைய பேஜாரு பண்ணது போதும்யா. நீயே தம்பியா வந்து நில்லு. அவங்களுக்குக் கண்ணுதான் தெரியலையே."

போன தீபாவளிக்குத் தம்பி அனுப்பிய ஃபாரின் சோப்பைப் பிரித்துத் தேய்த்துக் குளித்தான் முனிகிருஷ்ணன். வாசல் வழியாக வந்து கட்டிலருகே மண்டியிட்டான்.

"அம்மா, மணவாளன் வந்துட்டேம்மா."

கிழவி அவன் முகத்தைத் தடவினாள். வாசனையை முகர்ந்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. சங்கில் ஊற்றிய பால் சிரமமில்லாமல் இறங்கியது. முனிகிருஷ்ணனுக்கு அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. தன்னைப் பார்த்து ஒருநாளும் அவள் இப்படி மலர்ந்ததில்லை.

"வந்துட்டியா நைனா," என்றாள். "பெரியவன் எங்கடா? நாதியத்துப் போவாம என்னைக் காப்பாத்தனவன் அவன்தான். அவன் கையாலயும் ஒரு வாய் வாங்கிக்கினு போறேன். கூப்பிடு."

நான்தாம்மா என்றால் சின்னவன் வரவில்லை என்றாகிவிடும். ரத்னா சங்கைப் பிடுங்கிக்கொண்டு, போ என்று கண்ணைக் காட்டினாள். பின்பக்கம் ஓடினான். உடம்பெல்லாம் அந்தப் பாழாய்ப்போன வாசனை. சாம்பலை அள்ளிப் பூசித் தேய்த்தான். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினான். சனியன், போகமாட்டேன் என்றது.

உள்ளே ரத்னா ஓவென்று அலறினாள்.

சொட்டச் சொட்ட ஓடிவந்து நின்றவனிடம், "முனி வந்துட்டானா, முனி வந்துட்டானான்னு கேட்டுக்கினே போய்ட்டாங்கய்யா," என்றாள்.