நைலானா, ரேடியலா

ஷெட்டில் நின்ற அந்தக் காலத்துச் சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரின் முன் டயர் ஒன்று, யாரும் தொடாமலே, ஒரு மத்தியான நேரம் பக்கவாட்டில் பிளந்து காற்றிறங்கிப் படுத்துவிட்டது. உமாராணி போய்ப் பார்த்தாள். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மற்ற டயர்களிலும் கீறல் ஓடியிருந்தது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஷெட்டைச் சாத்திவிட்டு வந்து, கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்தாள்.

சில மாதங்களாகவே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. கணவர் சிவப்பிரகாஷுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன நாளிலிருந்து. அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்ததும், கேஸை அணைத்து, பின்கதவைப் பூட்டி, அவருடைய ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டுதான் ஆட்டோ ஏறினாள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோது, அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அழுகை பிறகு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை.

சிவப்பிரகாஷ் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் என்று சப்ளை செய்தவர். கொரியாக்காரக் கேப்டனோடும் மலையாளி சமையல்காரரோடும் அவரவர் பாஷையில் அரைகுறையாகப் பேசியே காரியம் முடிப்பார். வாய் ஓயாத மனிதர். இப்போது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'சரி.' பசித்தாலும் சரி, பசிக்காவிட்டாலும் சரி. காலை அமுக்கும்போது வலித்தாலும் 'சரி, சரி' என்றுதான் கத்துவார். உள்ளுக்குள் எல்லாம் புரிகிறது, வெளியே வருகிற வார்த்தைதான் மாறிப்போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டயர் பிளந்ததை அவரிடம் சொன்னபோதும் 'சரி' என்றார். ஆனால் அன்று சாயங்காலம் சக்கர நாற்காலியை ஷெட்டுக்கு விடச்சொல்லி இடது கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கொண்டுபோய் விட்டாள். இருட்டும்வரை அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அதேதான்.

பெங்களூரிலிருந்து மகள் ரம்யா போனில் சொன்னாள். “வித்துருங்கம்மா. அப்பாவால இனிமே ஓட்ட முடியாது. சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு, யாராவது ஆசையா வச்சிக்கிடட்டும்.”

“விக்கணும்னாலும் தள்ளி வெளிய எடுக்கணும்லா. மொதல்ல டயரைப் பாப்போம்” என்றாள் உமாராணி.

டயர்க் கடை பொன்னுதுரை, பாளையங்கோட்டை ரோட்டில் இருந்தான். சிவப்பிரகாஷுக்குத் தூரத்துச் சொந்தம். விஷயத்தைக் கேட்டு, சென்னையில் ஆள் பிடித்து, அந்தப் பழைய அளவில் இரண்டு வகை டயருக்கு ஒவ்வொரு சாம்பிள் வரவழைத்து வைத்திருந்தான். உமாராணி தன் சின்னக் காரில் கணவரை ஏற்றிக்கொண்டு போனாள். அவரை இறக்குவது பெரும்பாடு. அதனால் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தாள். இரண்டு டயரையும் பொன்னுதுரையே உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் சாய்த்தான்.

“அண்ணாச்சி, இது நைலான். கம்பெனிக்காரன் அந்தக் காலத்துல போட்டு விட்டது இந்த மாதிரிதான். இது ரேடியல். அளவு ஒண்ணுதான், ஆனா பார்க்க கொஞ்சம் வேற மாதிரி தெரியும். எது போடுவோம்?”

சிவப்பிரகாஷ் இடது கையை நைலான் டயரின் மேல் வைத்து வரிகளைத் தடவினார். “சரி” என்றார். ரேடியலைத் தொட்டார். “சரி” என்றார்.

பொன்னுதுரை உமாராணியைப் பார்த்தான். அவனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“நீங்க சொல்லுங்க மதினி. வண்டி ஓடுமா, நிக்குமா? நிக்கதுக்குன்னா நைலான் போதும். விக்கும்போதும் ஒரிஜினல்னு மதிப்பா இருக்கும். ஓட்டதுக்குன்னா ரேடியல்தான். நைலான் இருக்கே, கோடு போட்ட மாதிரி நேரா இருக்க ரோட்டுலயும் அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்கும். அதைப் பிடிச்சு ஓட்டதுக்கு அண்ணாச்சி கை வேணும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கணவருக்கு எது பிடிக்கும் என்பதில் உமாராணிக்குச் சந்தேகமே இல்லை. மூணாறில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை வாங்கி, ஒவ்வொரு திருகாணியும் ஒரிஜினலாகத் தேடித் தேடிப் பூட்டியவர். ரேடியல் போட்டால் அது வேறு வண்டி என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகநேரி வரைக்கும் போய்வருவார். கூரையில்லாத வண்டி என்பதால் அவளும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை, நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கிளட்ச் உன் காலுக்கு எட்டாது என்று சிரித்துவிட்டார். அவளும் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

“ரேடியல் போடுங்க தம்பி” என்றாள்.

“அண்ணாச்சிக்கு…”

“ஓட்டப்போறது நான்லா.”

அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகும் உள்ளே எதுவும் அசையவில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காய் போதும் என்று சொன்னது போல இருந்தது.

சிவப்பிரகாஷ் அவளைத் திரும்பிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “சரி” என்றார். ரேடியல் டயரை இடது கையால் ஓங்கி அறைந்தார். “சரி, சரி, சரி.” டயர் சரிந்து உருண்டு பக்கத்துப் பெட்டிக்கடை வாசலில் போய் விழுந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். உமாராணி போய் டயரை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு வந்தாள். கையில் கரி ஒட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“எப்ப வந்து மாட்டுவிய தம்பி?”

பொன்னுதுரை அடுத்த வாரமே ஆளோடு வந்து மாட்டிக்கொடுத்தான். பேட்டரியை மாற்றி, பழைய பெட்ரோலை இறக்கி, வண்டியைக் கிளப்பியும் காட்டினான். அந்த நாட்களில் சிவப்பிரகாஷ் அவள் ஊட்டினால் வாயை மூடிக்கொண்டார். தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். அவளும் தரையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷெட்டைத் திறந்தாள். டிரைவர் சீட்டில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்து பார்த்தாள். கிளட்ச் எட்டியது. இறங்கி வந்து, “வாரியளா?” என்று கேட்டாள்.

 இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்கியபோது அவர் உடம்பை விறைக்கவில்லை. அந்தத் தாழ்ந்த சீட்டில் அவரை இறக்கி உட்காரவைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

தெருமுனையில் ஒரு தடவை வண்டி அணைந்தது. மெயின் ரோட்டில் இன்னொரு தடவை. பின்னால் நிலக்கரி லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவருடைய விழுந்துபோன வலது கை மடியிலிருந்து நழுவி நழுவி கியர் கம்பியின் மேல் வந்து விழுந்தது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அதை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு மாற்றினாள். அது கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அவர் உப்பளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வளைவில் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அதை அவரும் கவனித்திருப்பார். 

துறைமுகத்துக்குப் பிரிகிற இடத்தில் அவள் நேரே போகப் பார்த்தாள். அவர் இடது கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டினார். இடது பக்கம் காட்டினார். திருப்பினாள்.

கடல் தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். வெளியே தூரத்தில் கப்பல்கள் முறைக்காகக் காத்து நின்றன. சிவப்பிரகாஷ் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தக் கப்பலுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு இப்போதும் தெரிந்திருக்கலாம். அவர் கண் நனைந்திருந்ததைக் கண்டாள். தனக்கும் ஏதாவது வருமா என்று சற்று நேரம் காத்திருந்தாள். முதுகில் வியர்வை காய்ந்து, காற்றுப் பட்டுச் சில்லென்றிருந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் வண்டியைக் கிளப்பினாள். ரிவர்ஸ் கியர் விழவில்லை. மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தாள், கரகரவென்று அரைத்தது. அவர் திரும்பி, கியர் கம்பியையும் அவள் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடிப் போடணும்?” என்று கேட்டாள்.

அவர் இடது கையைக் குறுக்கே நீட்டி, அவள் கையின் மேல் வைத்து அமுக்கிப் பின்னால் இழுத்தார். கியர் விழுந்தது. கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கண்ணாடியைப் பார்த்து மெதுவாகப் பின்னால் எடுத்தாள்.