இரண்டாம் வாசலில் ஓர் அழுகை

இரவு எட்டரை மணிக்கு என் மகனின் அழுகை ரயில் நிலையத்திலிருந்து கேட்கும். நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, பூமிக்கடியில் இருக்கிறது. மகன் என் மடியில்தான் இருப்பான். வாயைத் திறப்பான், முகம் சிவக்கும், நாக்கு நடுங்கும். சத்தம் மட்டும் அங்கிருந்து தரைவழியாக வந்து, அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்களை லேசாக அதிரவைக்கும்.

தப்பு என்னுடையதுதான். பிறந்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனை ரயிலில் கொண்டுவந்தேன். நடைமேடையில் இறங்கியதும் வீலென்று கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் உதட்டில் விரல் வைத்து வளர்ந்தவள். அவன் வாயை உள்ளங்கையால் மெல்ல மூடினேன். மூடிய அழுகை மூடிய இடத்திலேயே தங்கிவிட்டது. அப்படித்தானே தங்கும்.

பகலில் பஸ் இரைச்சலில் அது வீடுவரை எட்டுவதில்லை. இரவில் எட்டும், ஆனால் அவ்வளவு மெல்லிய சத்தத்துக்கு நான் விழித்துக்கொள்வேனா? கண் அசந்த நேரத்தில் அவனுக்கு ஏதாவது ஆனால்? ஆறு வாரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அப்பா கப்பலில் இருக்கிறார், நவம்பரில்தான் வருவார். அழுகை என்றைக்காவது தானாக வீடு திரும்பலாம் என்று வாசல் கதவைத் தாழிடாமலே வைத்திருந்தேன். திறந்த கதவும் பயம், மூடிய கதவும் பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். இரண்டாம் வாசலுக்குப் பக்கத்தில், கீழேயிருந்து காற்று வரும் இரும்புக் கம்பிகளை ஒட்டி, ஒரு பெண் பூ விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் தேசம்மா.

"நீதான் அம்மாவா?" என்றாள். "புள்ள பேரு தெரியாம நாங்க 'ரெண்டாம் வாசலு'ன்னே கூப்ட்டுனு இருந்தோம்."

"ஆரோன்" என்றேன்.

"ஆரோனு! பெரிய ஆபீசர் மாதிரி இருக்கு. கத்துறதும் அப்டித்தான்."

ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார். "ஹாரன் அடிச்சா முழிச்சுக்கறான் மேடம். அதான் இங்க யாரும் அடிக்கறதில்ல."

வரிசையாகப் பதினோரு ஆட்டோக்கள் நின்றன. ஒன்றிலும் சத்தமில்லை.

"எட்டரை மணி அழுகைக்குப் பால் குடுக்கறியா?" என்று தேசம்மா கேட்டாள்.

"ஆமாம்."

"அது பசி இல்ல கண்ணு. வயித்துல காத்து. தோள்ல போட்டு முதுகத் தட்டு. நான் இந்தக் கம்பியத் தட்டுவேன், மல்லி, முல்ல, கனகாம்பரம்னு சொல்லிக்கினே. அடங்கிடுவான்."

கீழே, பயணிகளின் பையைச் சோதிக்கும் காவல்காரப் பெண் பரிமளா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "எந்த இடத்துல மூடுனீங்களோ அங்கயே கையை எடுக்கணும்" என்றாள்.

மூன்றாவது தூணுக்கு அருகே நின்று அவன் வாயில் கையை வைத்தேன். ரயில் வந்தது, கதவுகள் திறந்தன. முந்நூறு பேராவது இருப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காதுமடல் சுட்டது.

கையை எடுத்தேன்.

ஆறு வாரத்து அழுகையையும் மொத்தமாக அழுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவன் முடிக்கும்வரை ரயில் நின்றது. ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரயில் போன பிறகு பரிமளா கேட்டாள், "உங்க அழுகை?"

ஆரோனை மறு தோளுக்கு மாற்றினேன்.

"இப்போ இங்க இடம் காலியாத்தான் இருக்கு. கைப்புள்ளய வெச்சுக்கிட்டு வீட்ல அழ முடியாதே மேடம். இங்க விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்."

என் வாயை என் உள்ளங்கையால் மூடினேன். அழுகை முழுதும் இறங்கச் சிறிது நேரம் பிடித்தது.

மேலே வந்து தேசம்மாவிடம் சொன்னேன், "இன்றிலிருந்து கீழே கேட்பது என்னுடையது."

"பேரு?"

"லிடியா."

"சரி லிடியா. சாப்ட்டியா?"

எட்டரைக்கு ஆரோன் என் காதருகே, என் காது அடைக்க அழுதான். முதுகைத் தட்டினேன். மல்லி, முல்லை, கனகாம்பரம். ஏப்பம் விட்டான், தூங்கினான்.

தொட்டிலில் கிடத்திவிட்டு வாசலுக்குப் போனேன். டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. நிலையத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன். ஒரு ஹாரன்கூட இல்லை. யாரோ இரும்புக் கம்பியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அடங்கும்வரை கதவைப் பிடித்தபடி நின்றேன். பிறகு உள்ளே தாழிட்டேன்.