எல்லாரும் மேல வந்தாச்சு

கடல் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் என் மகள் மோனிகாதான். பத்தாவதில் எண்பத்தெட்டு சதவீதம் எடுத்துவிட்டாள், இனி கேட்டதைக் கொடுக்காவிட்டால் விடுவாளா? ஒரு சனி ஞாயிறுக்குப் பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து தரங்கம்பாடி போய்வருவதென்று என் வீட்டுக்காரர் பீட்டர் முடிவு செய்தார். எங்களோடு இருந்த என் அப்பா சின்னப்பனையும் கூட்டிக்கொண்டோம். கோலார் தங்கவயலில் முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தில் இறங்கிய மனிதர், கடலைப் பார்த்ததே கிடையாது.

சனிக்கிழமை டேனிஷ் கோட்டையிலும் பழைய சர்ச்சிலும் போட்டோ எடுத்தே தீர்ந்தது. எனக்கென்னவோ அந்த ஊரின் அமைதி பிடிக்கவில்லை. பெங்களூர் இரைச்சலில் பழகிய காதுக்கு, ராத்திரி முழுக்க அலைச்சத்தம் மட்டும் கேட்டால் தூக்கம் வருமா? ஞாயிறு காலை லாட்ஜ்காரம்மா, இன்றைக்குத் தண்ணீரில் இழுவை இருக்கிறது, கல் கொட்டிய பக்கம் போகாதீர்கள் என்றாள். என் வாய் சும்மா இருக்குமா? நாங்கள் என்ன பச்சைக் குழந்தைகளா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

கரையில் அப்பா தன் துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீருக்குப் போகிறவர்கள் செருப்பைத் துண்டின்மேல் விட்டுப் போக வேண்டும், வந்ததும் அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். சுரங்கத்தில் அப்படித்தான். இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், ஏறியதும் எடுத்துக்கொள்வான். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான், தேட வேண்டும். பலகை காலியென்றால் எல்லோரும் மேலே. அடுத்தவன் வில்லையை ஒருவரும் தொட மாட்டார்கள். தங்கவயலில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாத்தா கடலையும் சுரங்கமாக்கிவிட்டார் என்று மோனிகா சிரித்தாள். ஆனாலும் மஞ்சள் செருப்பை ஒழுங்காகத் துண்டில் வைத்துவிட்டுத்தான் ஓடினாள்.

அரைமணி நேரத்தில், அவளோடு இறங்கியிருந்த பீட்டர் மட்டும் வெளியே வந்தார். தன் செருப்பை மாட்டிக்கொண்டு, டிபன் சொல்கிறேன் என்று லாட்ஜுக்குப் போனார். அப்பாவும் ஒதுங்கிவிட்டு வருகிறேன், துண்டைப் பார்த்துக்கொள் என்று எழுந்தார். அவர் அந்தப்பக்கம் போனாரோ இல்லையோ, ஒரு தெருநாய் வந்து மஞ்சள் செருப்பைக் கவ்வியது. பிடுங்கி, மணலை உதறி, என் பைக்குள் போட்டுக்கொண்டேன். போன வாரம்தான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கியது. பாழாய்ப்போன எனக்கு அந்த நிமிஷம் அது வெறும் செருப்பாகத்தான் தெரிந்தது.

மோனிகா இடுப்பளவுத் தண்ணீரில் வேறு சில பெண்களோடு குதித்துக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பி வருவது தெரிந்தது. அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, அவளுக்கு மாற்றுத்துணி எடுத்துவரக் கிளம்பினேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன்.

அப்பா கடலைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தார். பூமிக்கடியில் இருட்டில் யாரைக் கண்ணால் பார்த்து எண்ண முடியும்? அவருக்கு எப்போதும் பலகைதான் கண். துண்டு காலியாக இருந்தது. பேத்தியும் அப்பன் பின்னாலேயே லாட்ஜுக்குப் போயிருப்பாள் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

இருபது நிமிஷம் கழித்துத் துணியோடு வந்தேன். அந்தப் பெண்கள் போய்விட்டிருந்தார்கள். தண்ணீரில் ஒருவரும் இல்லை. மோனி எங்கேப்பா என்று கேட்டதும் அப்பா காலித் துண்டைக் காட்டினார். கொஞ்சம் முன்னால், படகில் போன ஒருவர், கல்லுக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தமாதிரி இருந்தது, உங்கள் ஆட்கள் கரைக்கு வந்துவிட்டார்களா என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்.

"எல்லாரும் மேல வந்தாச்சுப்பா, நீ போ" என்று அப்பா அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம், தெற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவளைக் கண்டெடுத்தார்கள்.

போலீஸ்காரர் கேட்டபோது அப்பா கைகட்டி நின்றார். "தப்பு என்னுதுதான் சார். புள்ள செருப்ப எடுத்தாளா இல்லையான்னு நான் சரியா பாக்கல. என் கணக்கு தப்பிப்போச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றேன், அந்தப் பை தோளிலேயே இருந்தது. ஊரையே வாயால் ஓட்டுகிற எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. பீட்டரின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அடக்கம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றிருந்தேன்.

பீட்டர் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் இவர் எழுந்து போய்விடுவார். போன வாரம், இந்த வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்றார். பொம்மனஹள்ளியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. அப்பாவின் வேட்டி சட்டைகளை நான்தான் மடித்து வைத்தேன்.

ஆட்டோவில் ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது என்ன மன்னிச்சியே ஆஞ்சலா, எனக்கு அது போதும்மா" என்றார்.

பார்த்துப் போங்கப்பா என்றேன்.