தலைவர் வீட்டுக்குக் கடன் கிடையாது

பேக்கரி அக்காவின் அடுப்பு ரொட்டியை ஒரு பக்கம் கருக்கி, மறுபக்கம் மாவாகவே விட்டது. வெந்த பாதியைத் தின்றுவிட்டு வேகாத பாதியைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவான்களும் உண்டு. புது அடுப்பு வாங்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பெரிய வங்கிகள் ஈடு கேட்டன. அவளிடம் சொத்து என்று இருந்தது வீட்டுக்காரர் மட்டும்தான். அவரை அடமானம் பிடிக்க யாரும் தயாராக இல்லை.

மிச்சம் இருந்தது கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வங்கி. அதில் அவளும் உறுப்பினர்தான், அடுப்புக்கு ஒரு கடன் மனுவும் போட்டு வைத்திருந்தாள். ஆனால் அங்கே தலைவர் யார் என்றால், அதே வீட்டுக்காரர்.

"நிர்வாகக் குழுவுல இருக்கறவங்களுக்கோ அவங்க குடும்பத்துக்கோ கடன் கொடுக்கக் கூடாது. சட்டம். மீறினா வங்கியோட உரிமமே போயிடும்," என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே.

"சட்டத்த நான் குத்தம் சொல்லலைங்க. சொந்தக்காரங்களுக்கே அள்ளிக் கொடுத்து ஊர் பணத்த முழுங்கின கதை எனக்கும் தெரியும். அப்ப நீங்க பதவிய விட்டுடுங்க."

அவர் முழித்த முழியைப் பார்த்தால், சிறுநீரகத்தைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பார் போலிருந்தது. அண்ணன் நடத்தும் மருந்துக்கடையில் அவர் வெறும் தம்பி. வங்கியில்தான் தலைவர். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டால் ரொட்டி வெந்துவிடுமா?

ஆண்டுக் கூட்டம் நெருங்கியது. தலைவரை உறுப்பினர்களே கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். இதுவரை அவரை எதிர்த்து ஒரு ஈ காக்கை நின்றதில்லை. அக்கா சலூன்காரரைப் பிடித்தாள்.

"நீங்க சும்மா நில்லுங்க அண்ணே. மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். வங்கிக் கணக்கை ஏன் வருஷாவருஷம் படித்துக் காட்டுவதில்லை, தணிக்கைக்காரர் எழுதிய குறைகள் எங்கே போயின என்று அவள் கேட்கக் கேட்க, பழக்கடைக்காரர் தராசையே மறந்து நின்றார். வீட்டில் சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

கூட்டத்தன்று சலூன்காரர் எழுந்தார். தலைவரைப் பார்த்தார். வியர்த்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்? எல்லாம் தெரிஞ்சது அக்காவுக்குத்தான். அக்காவே நிக்கட்டும்!"

மண்டபம் முழுக்கக் கைதட்டல். அக்கா பதறிப்போய் "ஐயோ, நான் இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மேடையில் இருந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"இவளா? நல்லா நடத்துவா!"

அந்தச் சிரிப்பை அவர் விழுங்கியிருக்கலாம். அக்காவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. அடுப்பும் மறந்தது, சட்டமும் மறந்தது.

"நிக்கறேன்," என்றாள்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. வீட்டுக்காரருக்கு உயர்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கைகள், அதில் ஒன்று அவருடையதே.

மாலை போடாத குறையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் பணிவாக ஒரு தாளை நீட்டினார்.

"மேடம், நிலுவையில ஒரு கடன் மனு இருக்கு. பேக்கரி அடுப்புக்கு. மனு போட்டவங்க இப்ப தலைவர் ஆயிட்டாங்க. சட்டப்படி கொடுக்க முடியாது. மனுவ வாபஸ் வாங்கறதா ஒரு கையெழுத்து..."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அக்காவுக்கு அழுகை முட்டியது. கருகிய ரொட்டிகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. எதிரே மொத்தக் கடைத்தெருவும் அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தது. இத்தனை பேர் அவள் வாயைப் பார்த்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பேனாவைத் திறந்தாள். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குனிந்தார். முகத்தில் கேலி இல்லை, நிஜமாகவே பரிதாபம்.

"கையெழுத்துப் போடாத. பதவி வேணாம்னு சொல்லிடு. நானும் இனிமே நிக்க மாட்டேன், சத்தியமா. உனக்கு அடுப்பு கிடைச்சிடும். இந்த நாற்காலில என்ன இருக்கு? விட்டுடு."

அக்கா கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் கேட்டப்ப நீங்க விட்டீங்களா?"