சேர்ந்து தள்ளினால் எழுநூறு

தேர்வு பத்து மணிக்கு. ஒன்பது அடிக்கப் போகிறது. நான் இன்னும் படுக்கையறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன். ஆய்வக உதவியாளர் வேலைக்கான இயற்பியல் தேர்வு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எழுதவே முடியாது.

வெளியே மாமனாரின் இரும்பு பீரோ. பாகம் பிரித்ததில் அது கணவரின் அண்ணனுக்கு, அதாவது அத்தானுக்குப் போனது. அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சும் போனது. அத்தான் இன்றைக்குத்தானா ஆட்களோடு அதை எடுக்க வர வேண்டும்? இழுத்து வந்த ஆட்கள் சரியாக என் கதவை அடைத்தாற்போல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பது. ஜன்னலில் கம்பி.

"தள்ளுங்களேன்!"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். அசைய மாட்டேங்குது" என்றார் கணவர், மூச்சு வாங்க.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனம் மட்டும் கணக்குப் போட்டது. இவர் முந்நூறு நியூட்டன், அத்தான் நானூறு என்றால் மொத்தம் எழுநூறு. ஓய்வுநிலை உராய்வு அறுநூறு வரை தாங்கினாலும் பீரோ நகர்ந்திருக்க வேண்டுமே!

சட்டென்று உறைத்தது. போன முறை தேர்விலும் இப்படித்தான் திசையைப் பார்க்காமல் கூட்டிக் கோட்டை விட்டேன்.

"யார் எந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

"நான் இடது பக்கம்" என்றார் கணவர்.

"நான் முன்னால நின்னு இழுக்கறேன்மா" என்றார் அத்தான்.

ஒன்றுக்கொன்று செங்குத்து! அப்படிச் சேர்ந்தால் ஐந்நூறுதான், அறுநூறைத் தாண்டாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதென்று ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள் மகானுபாவர்கள்.

"ரெண்டு பேரும் இடது பக்கமே நின்னு தள்ளுங்க!"

"அதெல்லாம் சரிப்படாது. ஆளுங்க வரட்டும்" என்றார் அத்தான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்க வீம்புக்கு நான்தான் கெடைச்சேனா? பரீட்சை போச்சுன்னா ரெண்டு பேர் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன்!"

பிறகு யாரோ இடது பக்கமாக நடந்து வருவது கேட்டது. கணவரின் குரல் மெல்ல வந்தது: "ரொம்பக் குனியாத அண்ணா. முதுகு பிடிச்சுக்கும்."

பீரோ கிரீச்சிட்டது. முதல் அசைவுக்குத்தான் அத்தனை பாடு. அதன்பின் சுலபமாகவே போனது.

ஹால் டிக்கெட்டோடு வெளியே பாய்ந்தேன். அத்தான் தன் பைக்கை உதைத்துக் கிளப்பியிருந்தார். நான் ஏறியதும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"பீரோ இருக்கட்டும்டா. வந்து சேர்ந்தே தள்ளலாம்."

"கிளம்புங்க அத்தான்!" என்று கத்தினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.